ஐம்பது வயதில் எந்த மைதானம்?

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோல்ஃப் மைதானம் இல்லாத ஊர் என்று யாரும் அந்தப் பட்டியலை நீட்டியதில்லை. தேடியவர் இருந்தால்தானே! இந்த ஊரில், சத்துவாச்சாரியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நானும் என் மைத்துனனும் கோல்ஃப் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரன். தை பிறந்தால் அவனுக்கு ஐம்பது. மற்ற விளையாட்டுகளில் ஐம்பது வயதுக்காரர் பரிசளிப்பு மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பார். கோல்ஃபில் மட்டும் அன்றைக்குப் புதிதாக ஒரு கதவு திறக்கிறது. அதற்குப் பெயர் சீனியர் டூர். ஐம்பது முடிந்தவர்களுக்கு மட்டுமான தொழில்முறைப் போட்டித் தொடர் அது.

நுழையலாமா, எந்தக் கதவில் நுழையலாம், அல்லது வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பலாமா என்பதுதான் கேள்வி. நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தோல் தரம் பிரித்தவன். மட்டையைக் கையில் பிடித்ததுகூட இல்லை. ஆனால் "கணக்கு உங்களுக்குத்தான் வரும் மாமா" என்று நோட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டான். அவன் கிளம்பிய பிறகு இரவுகளில் நானாகப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்குத் தூக்கம் குறைவு.

அவன் பின்னணியைச் சொல்லாமல் கணக்குப் புரியாது. என் மாமனார் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். வெள்ளைக்காரத் துரைமார்கள் அங்கே ஒரு கோல்ஃப் மைதானமும் போட்டிருந்தார்கள். சயனைடு மண்மேடுகளைப் பார்த்துக்கொண்டே பத்து வயதுப் பையன் பந்து பொறுக்கப் போனான். பந்துக்கு இவ்வளவு என்று சில்லறை. பிறகு பை சுமக்கும் கேடி ஆனான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடியபோது என் மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடியாத்தத்துக்கே திரும்பிவிட்டார். மகன் அதற்கு முன்பே பெங்களூரில் பெரிய மனிதர்களின் பைகளைச் சுமந்துகொண்டு, அவர்கள் போன பிறகு சாயங்கால வெளிச்சத்தில் ஆடிப் பழகிக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டே தொழில்முறை ஆட்டக்காரன் ஆகிவிட்டான். 2009இல், அவனைப் போலவே பெங்களூரில் பை சுமந்து மேலே வந்த சி. முனியப்பா இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற இரவு, பத்து மணிக்கு மேல் ஃபோன் செய்து, "நம் ஆள் ஜெயித்துவிட்டார் மாமா" என்று அழுதான். அவன் ஜெயித்ததில்லை. ஒரு மூன்றாம் இடம், சில பத்தாம் இடங்கள், மற்றபடி பஸ் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாய்ப் போன இருபத்து மூன்று ஆண்டுகள்.

இனிக் கணக்கு.

முதல் வழி, எதையும் மாற்றாமல் உள்நாட்டு டூரிலேயே தொடர்வது. 2006இல் அமைந்த இந்தியத் தொழில்முறை கோல்ஃப் டூர் நாட்டின் பல ஊர்களில் போட்டி நடத்துகிறது. வழக்கமான போட்டிக்கு மொத்தப் பரிசு ஒரு கோடி ரூபாய், வென்றவருக்கு 15 லட்சம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நான்கு நாள் ஆட்டத்தில் இரண்டாம் நாள் மாலை ஒரு கோடு போடுவார்கள். ஏறத்தாழ முதல் ஐம்பது பேர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. வெளியே போனவருக்கு ஒரு பைசா கிடையாது. ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, நுழைவுக் கட்டணம், கேடி கூலி எல்லாம் கைக்காசு. போன ஆண்டு அவன் ஆடிய பதினான்கு போட்டிகளில் ஒன்பதில் வெள்ளிக்கிழமை இரவே ரயிலேறியிருக்கிறான். அந்த ஒன்பது வெள்ளிக்கிழமைகளை நான் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். அவன் பார்த்துவிட்டு, "பேனா மாற்றிக்கொள்ளுங்கள் மாமா" என்றான்.

இந்த வழிக்கு ஆதரவாக அவனிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது: முகேஷ் குமார். மத்தியப் பிரதேசத்து மாவ் நகரைச் சேர்ந்த அவர் உள்நாட்டில் நூற்றுக்கு மேல் பட்டங்கள் வென்றவர். ஆசிய டூரில் முதல் வெற்றி 2016இல் டெல்லியில் கிடைத்தபோது அவருக்கு வயது 51. வெளிநாட்டிலும் இப்படிச் சிலர் உண்டு. சாம் ஸ்னீட் 1965இல் கிரீன்ஸ்பரோ போட்டியை வென்றபோது 52 முடிந்து பத்து மாதம். கிரேக் ஸ்டாட்லர் 2003இல் சீனியர் போட்டி ஒன்றில் ஜெயித்த கையோடு, இளைஞர்கள் ஆடும் போட்டியிலும் ஜெயித்தார். ஃபில் மிக்கெல்சன் 2021இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது ஐம்பதைத் தாண்டி ஏறக்குறைய ஒரு வருடம்; அவ்வளவு வயதில் பெரும்பட்டம், அதாவது கோல்ஃபின் நான்கு முதன்மைப் போட்டிகளில் ஒன்றை, வென்றவர் அதற்கு முன் யாரும் இல்லை. 2009 பிரிட்டிஷ் ஓப்பனில் டாம் வாட்சன் அறுபதை எட்ட இரண்டு மாதம்கூட இல்லாத நிலையில், மாற்று இடுப்பு மூட்டோடு, கடைசிக் குழிக்குள் பந்தை ஒரே ஒரு சிறு தட்டில் தள்ளியிருந்தால் பட்டம் அவருடையது. தள்ளவில்லை. கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார்.

"பார்த்தீர்களா?" என்றான் என் மைத்துனன். பார்த்தேன். உலகம் முழுவதும் அறுபது ஆண்டுகளைச் சலித்தால் இப்படிச் சில பெயர்கள் கையில் நிற்கின்றன. அவர்கள் எல்லோரும் இளமையில் அள்ளிக் குவித்தவர்கள், இல்லையென்றால் முகேஷ் குமாரைப் போல உள்ளூரில் அசைக்க முடியாதவர்கள். இருபது வயதில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தவன் ஐம்பதில் எழுபது எடுப்பான். நாற்பத்தைந்து எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு என்ன மிஞ்சும்? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுடைய அக்கா சொல்லிவிட்டாள்.

இரண்டாவது வழி அமெரிக்கா. பணம் அங்கேதான் இருக்கிறது. 1980இல் தொடங்கிய அந்தச் சீனியர் டூருக்கு இப்போது பிஜிஏ டூர் சாம்பியன்ஸ் என்று பெயர். ஒரு சாதாரணப் போட்டியின் பரிசுத்தொகையே சுமார் 20 லட்சம் டாலரைத் தொடும் அல்லது தாண்டும். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வென்றவருக்கு. பெரும்பாலான போட்டிகள் மூன்றே நாள். நடுவில் கோடு போட்டு அனுப்புவது இல்லை, கடைசி ஆளுக்கும் காசு உண்டு. மைதானத்தின் நீளத்தைக் குறைத்து வைப்பார்கள். பெரும்பட்டப் போட்டிகள் தவிரப் பலவற்றில் மின்வண்டியில் ஏறிப் போகவும் அனுமதி உண்டு. முட்டி வலிக்காரர்களின் சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்தின் இந்திரன் பெர்ன்ஹார்ட் லாங்கர். ஜெர்மனியில் கொத்தனார் மகன், ஒன்பது வயதுக்குள்ளேயே கேடி, பதினைந்தில் தொழில்முறை. இந்த இடத்தில் என் மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 1985, 1993 ஆகிய ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் என்ற பெரும்பட்டத்தை வென்றவர். சீனியர் ஆன பிறகு 2007 முதல் 2024 வரை ஒரு வருடம்கூட வெறுங்கையோடு போனதில்லை. 2023இல் விஸ்கான்சினில் அமெரிக்க சீனியர் ஓப்பனை வென்றபோது வயது 65. ஹேல் இர்வினின் 45 வெற்றி என்ற சாதனை அன்று உடைந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் குதிகால் தசைநாண் அறுந்து அறுவைச் சிகிச்சை. நவம்பரில், 67 வயதில், நாற்பத்தேழாவது வெற்றி. ஃபிஜித் தீவில் பிறந்த நம் வம்சாவளிக்காரர் விஜய் சிங்கோ வேறு ரகம். அமெரிக்காவின் முதன்மை டூரில் அவர் வென்ற 34 போட்டிகளில் 22 நாற்பதைக் கடந்த பிறகு வந்தவை. சீனியர் மைதானத்துக்கு வந்த பிறகு அந்த வேகம் தொடரவில்லை. 2018இல் சீனியர் பிளேயர்ஸ் உட்படச் சில பட்டங்கள் வென்றார், அவ்வளவுதான் சொல்லிக்கொள்ள. கொஞ்சம் முந்திப் பழுத்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்களெல்லாம் நம் கணக்குக்கு உதவமாட்டார்கள். நான் தேடியது என் மைத்துனனைப் போன்ற, பெயரில்லாத ஆட்களை. ஆச்சரியம், நிறையவே கிடைத்தார்கள். லாரி லாரெட்டி காலமெல்லாம் கிளப்பில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். வாயில் சுருட்டோடு 1992 அமெரிக்க சீனியர் ஓப்பனை வென்றார். அந்த டூரில் அவர் வென்றது அது ஒன்றுதான். வால்டர் செம்பிரிஸ்கி உயரக் கட்டடங்களில் இரும்புச் சட்டம் பூட்டும் தொழிலாளி. ராபர்ட் லேண்டர்ஸ் டெக்சாஸில் மாடு வளர்த்தவர். மேய்ச்சல் நிலத்தில் பந்தடித்துப் பழகித் தேர்வில் தேறினார். ஆலன் டாய்ல் நாற்பத்தாறு வயதில்தான் தொழில்முறைக்கே வந்தார், அதுவும் ஹாக்கி மட்டையை வீசுவதுபோல ஒரு வீச்சோடு. நான்கு சீனியர் பெரும்பட்டங்கள் வாங்கிக்கொண்டு போனார். டேனா குயிக்லி என்ற கிளப் பயிற்சியாளர் 250க்கும் மேற்பட்ட போட்டிகளில் ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து ஆடி, 2005இல், 58 வயதில், ஆண்டின் சிறந்த வீரர் ஆனார்.

இந்த ஐந்து பேரையும் படித்த இரவு எனக்கே ஆசை வந்துவிட்டது. இட்லிக்கடைக்காரர் சரவணபவன் வைத்த கதைபோல இருந்தது. காலையில் காபி குடித்த பிறகு இன்னொரு பக்கத்தைப் படித்தேன். அந்த டூரில் ஒரு போட்டிக்கு ஏறத்தாழ 78 பேர்தான். முன்னாள் வெற்றியாளர்கள், வாழ்நாளில் அதிகம் சம்பாதித்தவர்கள், முந்தைய ஆண்டு வரிசையில் முன்னால் நின்றவர்கள் என்று இடங்கள் முன்பே நிரம்பிவிடும். வெளியாளுக்கு வருடக் கடைசியில் ஒரு தகுதிப் போட்டி. அதில் முழு உரிமை கிடைப்பது ஐந்தே பேருக்கு. ஐந்து! உலகம் முழுவதிலும் அந்த ஆண்டு ஐம்பதைத் தொட்டவர்களும், முந்தைய ஆண்டுகளில் தோற்றவர்களும் சேர்ந்து அந்த ஐந்து நாற்காலிக்கு மோதுகிறார்கள். தவறினால் போட்டிக்குப் போட்டி அந்த வாரத் தகுதிச் சுற்றில் ஆடிப் பார்க்கலாம். அர்ஜுன் அத்வால் 2010இல் இளைஞர் டூரில் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றின் வழியாக உள்ளே போய், அமெரிக்க டூரில் வென்ற முதல் இந்தியர் ஆனார். ஆனால் அவர் அங்கேயே வீடு வைத்திருந்தவர். பெங்களூரிலிருந்து போகிறவனுக்குத் தகுதிச் சுற்றில் தோற்றால் அந்த வாரம் ஓட்டல் அறையில் டிவி பார்ப்பதுதான் வேலை.

விண்ணப்பக் கட்டணம், விசா, விமானம், வாடகைக் கார், தங்குமிடம் எல்லாம் சேர்த்து, தகுதிப் போட்டிக்கு மட்டும் பத்து லட்சம் என்று நான் எழுதினேன். அவன் பன்னிரண்டு என்று திருத்தினான். திருத்திவிட்டு அவனே அந்தப் பக்கத்தை மடித்து வைத்தான்.

மூன்றாவது வழி ஐரோப்பா. இதைப் பற்றி இருவருக்குமே ஆரம்பத்தில் பெரிய நினைப்பு இல்லை. ஏழைகளின் அமெரிக்கா என்றுதான் அவன் சொன்னான். 1992இல் ஐரோப்பிய சீனியர்ஸ் டூராகத் தொடங்கி, இப்போது லெஜண்ட்ஸ் டூர் என்று அழைக்கப்படுகிறது. பணம் அமெரிக்காவின் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் ஆட்களைப் பாருங்கள். கார்ல் மேசன் என்ற ஆங்கிலேயர் இருபது ஆண்டு ஐரோப்பிய டூரில் ஒரு வெற்றியும் இல்லாமல் உழைத்து, 1994இல் இரண்டு வென்றார். அதோடு சரி. ஐம்பது ஆனதும் சீனியர் டூருக்குப் போய் 25 போட்டிகளை வென்றார். அந்த டூரின் சாதனையே அதுதான். தாய்லாந்தின் பூன்சூ ருவாங்கிட் 2010இல் அந்த ஆண்டின் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். நீல் கோல்ஸ் 2002இல் 67 வயதில் ஜெயித்தார். விமானம் ஏறவே பயந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள், வாழ்நாள் முழுவதும் காரிலும் கப்பலிலும் போய் ஆடியிருக்கிறார்.

என்னை உண்மையில் நிறுத்தி வைத்தவர் ராஜர் சாப்மன். 472ஆவது போட்டியில்தான், 2000ஆம் ஆண்டு பிரேசிலில், ஐரோப்பிய டூரில் தன் ஒரே வெற்றியைப் பெற்றார். கொஞ்ச காலம் கழித்து அந்த டூரில் ஆடும் உரிமையை இழந்தார். ஆட்டத்தை விட்டுவிட்டு விதிமுறை நடுவராகப் பயிற்சி எடுத்தார். நேற்று வரை கூட ஆடியவர்களின் பந்து கோட்டுக்கு வெளியே கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துச் சொல்லும் வேலை. பிறகு மறுபடி மட்டையை எடுத்தார். சீனியராகப் போய், 2012இல் இரண்டே மாத இடைவெளியில் அமெரிக்க மண்ணில் சீனியர் பிஜிஏ, சீனியர் ஓப்பன் இரண்டையும் வென்றார். தேர்தலில் டெபாசிட் இழந்தவர் ஒரே ஆண்டில் இரண்டு தொகுதியில் ஜெயித்த மாதிரி. இதை என் மைத்துனனுக்குச் சொன்னபோது அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நடுவர் வேலைக்குச் சம்பளம் எவ்வளவு மாமா?" என்று கேட்டான். அவன் எங்கே நிற்கிறான் என்பது அந்தக் கேள்வியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐரோப்பாவுக்கு ஆதரவாக இன்னொரு விஷயம் இருக்கிறது. கோல்ஃப் தெரிந்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். எனக்குத்தான் புதிதாகப் பட்டது. சீனியர் டூரை நடத்துவது டிக்கெட் வாங்கும் கூட்டமில்லை. கம்பெனி முதலாளிகளும் பணக்கார அமெச்சூர்களும் காசு கட்டி, தாங்கள் இளமையில் டிவியில் பார்த்த வீரரோடு ஒரு நாள் ஆடுகிறார்கள். ஐரோப்பாவில் போட்டியின்போதே அமெச்சூர்களைச் சேர்த்து ஆடவிடும் ஏற்பாடும் உண்டு. ஆகவே அங்கே வேண்டியது வீச்சு மட்டுமில்லை, பேச்சும்தான். தண்ணீரில் ஐந்து பந்து விட்ட வியாபாரியின் முகம் சுண்டாமல் பதினெட்டுக் குழியும் கூட்டிக்கொண்டு போகத் தெரிய வேண்டும். என் மைத்துனன் பதினைந்து ஆண்டு கேடியாகச் செய்தது அதைத்தானே! எந்தத் தொழிலதிபருக்கு எந்த முட்டியில் வலி, யாருக்குத் தோற்ற பிறகு டீ வேண்டும், யாரிடம் தோற்ற பிறகு பேசவே கூடாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் அந்த அமெச்சூர்களுக்கு வேண்டியது டிவியில் பார்த்த முகம். இவன் முகத்தை டிவியில் பார்த்தவள் இவன் அக்கா ஒருத்திதான், அதுவும் பின்னால் நின்றவர்களுக்கு நடுவில்.

நான்காவது வழி, கற்றுக்கொடுப்பது. பெங்களூரின் விளிம்பில் ஒரு பயிற்சி மைதானத்தில் அவனைக் கேட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளம், தனி வகுப்பு எடுத்தால் அதற்கு மேல். வாரத்தில் ஆறு நாள், அதில் சனி ஞாயிறு கட்டாயம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இதில் எழுத வேறொன்றும் இல்லை. பணக் கணக்கை மட்டும் பார்த்தால் இதுவே முதலிடம், ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மைதான வடிவமைப்பு, டிவி வர்ணனை என்றெல்லாமும் முதிய வீரர்கள் போகிறார்கள். அவை பெயர் சம்பாதித்தவர்களின் கடைகள், நமக்கு ஷட்டர் இறக்கியிருக்கும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் தாழ்ந்ததும் பாலாற்றுக்குப் போனோம். கோடைப் பாலாறு உலகத்தின் மிகப் பெரிய பங்கர் என்று அவன் சிரித்தான். பங்கர் என்றால் மைதானத்தில் மணல் நிரப்பிய பள்ளம். ஒரு பழைய மட்டையும் பத்துப் பந்துகளும் கொண்டுவந்திருந்தான். மணலில் காலைப் புதைத்து நின்று, பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலை வெட்டினான். பந்து மணலோடு எழும்பி, முப்பது அடி தள்ளி நான் கழற்றி வைத்திருந்த செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. பத்தில் எட்டு அப்படியே. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து பந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். அவன் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தான். கையில் இன்னும் ஆட்டம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவப் போனவன் கையுறையைக் கழற்றித் திண்ணையில் வைத்தான். பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தேன். நல்ல சரக்கு. கம்பளி தராத முடியாட்டின் தோல், அரை மில்லிமீட்டர் கனம், விரலுக்கு நடுவில் வைத்தால் பட்டுப்போல வழுக்கும். வலதுகைக்காரர்கள் இடது கையில் மட்டும்தான் கையுறை போடுவார்கள். தோல் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே கை என்ன செய்கிறது என்று எழுதியிருக்கும். இந்தக் கையுறையில் விரல்களுக்குக் கீழே தேய்மானமே இல்லை. மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கையின் அடிமேட்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. மட்டை அங்கே உராய்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் பிடி நழுவித் திரும்புகிறது என்று அர்த்தம்.

"எத்தனை நாள் ஆகிறது இது வாங்கி?"

"மூன்று வாரம் மாமா."

"போன வருடத்துக் கையுறை ஏதாவது இருக்கிறதா?"

பையின் அடியிலிருந்து இரண்டு எடுத்தான். அவற்றில் தேய்மானம் உள்ளங்கை முழுக்கப் பரவலாக, மெல்லிய நிழல்போல இருந்தது. நான் மூன்றையும் வரிசையாக வைத்தேன். அவன் பார்த்தான். "கடைசி இரண்டு விரலில் காலையில் மரத்துப் போகிறது" என்றான், தலையைத் தூக்காமல். இதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். முழங்கையில் நரம்பு அழுத்தம், ஓய்வும் உடற்பயிற்சியும் போதும், இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார். ஆனால் கணக்கு மாறிவிட்டது. சீனியர் டூரில் ஜெயிப்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் ஜெயிக்கிறார்கள். அந்த ஐந்து வருடக் கதவில் முதல் வருடத்தை விரலுக்கு வைத்தியம் பார்த்துக் கழிக்கலாம், அல்லது மரத்த விரலோடு பன்னிரண்டு லட்சத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போகலாம். இரண்டாவதைச் செய்கிறவனுக்குத் தைரியசாலி என்று பெயர் வரும். வட்டியும் வரும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். உள்நாட்டு டூரை வரும் ஆண்டில் நிறுத்திவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ரயில்கள் போதும். அவன் உச்சுக்கொட்டினான், ஆனாலும் மறுக்கவில்லை. பெங்களூரிலேயே போட்டி நடந்தால் ஆடலாம் என்று ஒரு சலுகை கொடுத்தேன். அமெரிக்கா வேண்டாம், அந்தப் பக்கம் மடித்தது மடித்ததாகவே இருக்கட்டும். பயிற்சி வேலையைத் தை மாதம் தொடங்கட்டும். ஐரோப்பாவின் தகுதிப் போட்டிக்கு ஒரே ஒருமுறை போகட்டும், ஆனால் ஐம்பதில் வேண்டாம், ஐம்பத்தொன்றில். அதற்குள் விரல் தேறும், சம்பளத்தில் ஒரு பகுதி சேரும். கூடவே நடுவர் பயிற்சிக்கும் விண்ணப்பம் போட்டு வைக்கட்டும். சாப்மனுக்குக் கேவலமாகத் தெரியாத வேலை நமக்கு மட்டும் கேவலமா?

இதில் எனக்கு முழு நிம்மதி இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒரு வருடம் தள்ளிப்போடுவது என்பது கோல்ஃபில் சின்ன விஷயம் இல்லை. அந்த வருடம் புதிதாக ஐம்பதைத் தொடும் பெரிய பெயர்கள் வரிசையில் முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். மேசன் தள்ளிப்போடவில்லை. என் மைத்துனனின் மனைவி ஃபோனில் இதையே கேட்டாள்: "அண்ணா, அவர் இப்போதே போனால்தானே வாய்ப்பு?" அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் கையுறையின் ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, பயிற்சி மைதானத்தில் ஞாயிறு விடுமுறை கேட்கலாமா என்று விசாரித்தாள்.

கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வாங்கிய கபில்தேவ் 2018இல், ஐம்பத்தொன்பது வயதில், சீனியர் அமெச்சூர் கோல்ஃபில் இந்தியாவுக்காக ஆடப் போனார். இப்போது அந்த உள்நாட்டு டூருக்கே தலைவர். இதை என் மைத்துனன்தான் சொன்னான், எதற்காகச் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை யார் எப்போது எங்கே தொடங்குவார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை என்று என்னை மடக்கப் பார்த்திருக்கலாம். கபில்தேவுக்கு மாதாந்திரக் கல்லூரிக் கட்டணம் இல்லை என்று நான் பதில் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு மாலை அவன் காட்பாடிக்குக் கிளம்பும்போது நோட்டைக் கேட்டான். ஐரோப்பாவுக்கு என்று நான் எட்டு லட்சம் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினான். வெளிநாட்டில் கேடி வைக்கமாட்டானாம், பையைத் தானே சுமந்துகொள்வானாம். பதினைந்து வருடம் சுமந்ததுதானே என்றான். சமையலறையிலிருந்து அவன் அக்கா வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கம் முழுவதையும் படித்தாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: "நகை இந்தக் கணக்கில் இல்லை." அதற்கடியில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதி, நோட்டை அவன் பையில் கையுறைகளுக்கு மேலே வைத்தாள்.